பிளஸ் டூ முடித்து இயற்பியல் படிக்க எந்தக் கல்லூரி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் பிளஸ் ஒன், பிளஸ் டூ படித்துக்கொண்டு, பட்டப்படிப்பில் இயற்பியல் எடுக்க நினைக்கும் மாணவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இந்தப் பக்கம். தேர்வுத் தேதிகளும் விதிகளும் ஆண்டுக்காண்டு மாறும். விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் தகவல் கையேட்டை முழுதாக ஒருமுறை படித்துவிடுங்கள்.

இயற்பியல் படிக்க என்னென்ன வழிகள் இருக்கின்றன?

மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, ஆராய்ச்சியை மையமாக வைத்து மத்திய அரசு நடத்தும் நிறுவனங்கள்: ஏழு ஐசர்கள் (IISER, இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்கள்), பெங்களூரு ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் நிறுவனம்), புவனேஸ்வர் நைசர் (NISER, தேசிய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம்), மும்பை செப்ஸ் (CEBS, அடிப்படை அறிவியல் மையம்). சென்னையை ஒட்டி சிறுசேரியில் இருக்கும் சிஎம்ஐயையும் (சென்னைக் கணிதவியல் நிறுவனம்) இதோடு சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவது வகை, ஐஐடிகளில் பொறியியல் இயற்பியல் பி.டெக். சென்னை ஐஐடியில் உண்டு. திருவனந்தபுரம் ஐஐஎஸ்டியிலும் (இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம்) பொறியியல் இயற்பியல் இரட்டைப் பட்டம் இருக்கிறது. இவை இரண்டுக்கும் ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுத வேண்டும். மூன்றாவது, பெரும்பாலோர் போகும் வழி: அரசு, அரசு உதவி பெறும், சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரிகளில் மூன்றாண்டு பி.எஸ்சி.

நடுவில் இன்னொன்றும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. இதற்கு க்யூட் (CUET) என்ற பல்கலைக்கழகப் பொது நுழைவுத்தேர்வு. க்யூட்டைத் தமிழிலேயே எழுதலாம்.

ஐசர், ஐஐஎஸ்சி, நைசர் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. ஐசர்களில் இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்தாண்டு பிஎஸ்-எம்எஸ். தொடக்கத்தில் எல்லோரும் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கையும் படித்தாக வேண்டும். முதன்மைப் பாடத்தைப் பிறகுதான் தேர்ந்தெடுப்பார்கள். கடைசி ஆண்டு ஆய்வேடு. "எனக்கு இயற்பியல் மட்டும் போதும், செல் பிரிதலெல்லாம் வேண்டாம்" என்பவருக்கு முதல் ஆண்டு கொஞ்சம் கசக்கும். ஐஐஎஸ்சியில் நான்காண்டு பிஎஸ், 2011இல் தொடங்கியது. அங்கேயும் தொடக்கத்தில் பொதுப்பாடங்கள் உண்டு, நான்காம் ஆண்டில் ஆய்வுத்திட்டம்.

நைசரும் செப்ஸும் அணுசக்தித் துறையின் நிறுவனங்கள், நெஸ்ட் தேர்வு வழியாகச் சேர்க்கிறார்கள். படிப்பு ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. குறிப்பிட்ட தரப்புள்ளிக்கு மேல் எடுப்பவர்கள் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் (BARC) பயிற்சிப் பள்ளி நடத்தும் எழுத்துத்தேர்வைத் தாண்டி நேரே நேர்முகத்துக்குப் போகலாம். அணு அறிவியலில் வேலை செய்ய ஆசை இருந்தால் இது பெரிய வசதி.

சிஎம்ஐ தனி ரகம். மூன்றாண்டில் கணிதமும் இயற்பியலும் சேர்ந்த ஆனர்ஸ் பட்டம். சேர்க்கைக்குச் சொந்த நுழைவுத்தேர்வு. கணிதம் மிகப் பலமாக இருக்க வேண்டும். பாடத்திட்டம் கோட்பாட்டுப் பக்கம் சாய்ந்தது. கழற்றிப் பூட்டி, சுற்று கோத்துப் பார்க்கும் ஆசை உள்ளவருக்கு அது ஏற்ற இடமில்லை.

ஏழு ஐசர்களுக்குள் தமிழ்நாட்டுக்கு அருகில் இருப்பவை திருப்பதியும் திருவனந்தபுரமும். புனே, கொல்கத்தா ஐசர்கள் 2006இலேயே தொடங்கியவை, திருப்பதி 2015இல்தான். பழைய வளாகங்களில் ஆய்வுக்குழுக்கள் அதிகம் என்பதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இளநிலை மாணவருக்கு அந்த வேறுபாட்டைவிட ஐசரில் இடம் கிடைப்பதே பெரிது. விருப்பப் பட்டியலில் ஏழையும் நிரப்புங்கள். இரண்டை மட்டும் போட்டுவிட்டு, கிடைக்கவேண்டிய இடத்தைக் கோட்டைவிடுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தேன், உயிரியல் தெரியாது. ஐசர் நுழைவுத்தேர்வான ஐஏடி (IAT) எழுதலாமா?

எழுதலாம். ஐஏடியில் 60 கேள்விகள், 180 நிமிடம்; நான்கு பாடத்திலும் தலா 15. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழியும், மொத்தம் 240. உயிரியலை அப்படியே விட்டால் 60 மதிப்பெண் கைவிட்டுப்போகும், மிச்சம் 180. அந்த 45 நிமிடத்தை மற்ற மூன்று பாடங்களில் செலவழிப்பது இயற்பியல் மாணவர்களுக்கு நல்ல கணக்குதான். உயிரியலில் தெரிந்த ஒன்றிரண்டைத் தொட்டுவிட்டு வாருங்கள், ஊகித்து எழுதாதீர்கள்.

நெஸ்ட்டில் இந்தத் தொல்லையே இல்லை. நான்கு பகுதிகளில் சிறந்த மூன்றைத்தான் தரவரிசைக்கு எடுக்கிறார்கள். ஆகவே கணினிப் பிரிவு மாணவர்கள் நெஸ்ட்டைக் கட்டாயம் எழுத வேண்டும்.

ஐஏடி தரவரிசையை ஐஐஎஸ்சியும் ஏற்கிறது. ஆனால் ஐசருக்கு விண்ணப்பித்தால் ஐஐஎஸ்சிக்கும் விண்ணப்பித்ததாக ஆகாது. அங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

கணிதம் இல்லாத குரூப் எடுத்துவிட்டேன். என்ன செய்வது?

இயற்பியல் பி.எஸ்சிக்கு பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும் என்றே பெரும்பாலான இடங்களில் விதி. விதிவிலக்காக எங்காவது இடம் கிடைத்தாலும், முதல் பருவத்திலேயே வகையீடும் தொகையீடும் தெரியாமல் திணறுவீர்கள். பிளஸ் ஒன்னின் தொடக்கத்திலேயே இருக்கிறீர்கள் என்றால் இப்போதே குரூப்பை மாற்றுங்கள்.

என்னிடம் பிசி/எம்பிசி சாதிச் சான்றிதழ் இருக்கிறது. அது போதாதா?

தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்குப் போதும். ஐசர், நைசர், ஐஐடி, மத்தியப் பல்கலைக்கழகம் எதற்கும் போதாது. அங்கே கேட்பது மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி, 'கிரீமி லேயர் அல்லாதவர்' என்ற சான்றிதழ். இதில் மூன்று இடங்களில் சிக்கல் வருகிறது.

முதலாவது, உங்கள் சாதி மாநிலப் பட்டியலில் இருந்தும் மத்தியப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். பெயரின் எழுத்துக்கூட்டல்கூட ஒத்துப்போக வேண்டும். இரண்டாவது, தேதி. நடப்பு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்று பொதுவாகக் கேட்பார்கள். பத்தாம் வகுப்பில் வாங்கி பீரோவில் வைத்திருப்பது செல்லாது. மூன்றாவது, ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம். பெற்றோரின் மாதச் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது தெரியாமலே, 'நாங்கள் தகுதி இல்லை' என்று விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. அதேசமயம் பெற்றோர் வகிக்கும் பதவியின் நிலையை வைத்தே விலக்கப்படுவதும் உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இ-சேவை மையத்தில் ஏப்ரல் முதல் வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். பிளஸ் டூ முடிவு வந்த பிறகு மே மாதம் போனால் ஊரே அங்கே நிற்கும்.

எந்த நுழைவுத்தேர்விலும் இடம் கிடைக்கவில்லை. ஓராண்டு காத்திருந்து மறுபடி எழுதலாமா?

மயிரிழையில் தவறியவர் வேண்டுமானால் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு எங்கள் பதில், வேண்டாம். இயற்பியலில் இரண்டாவது கதவு மூன்றே ஆண்டில் திறக்கிறது. பி.எஸ்சி மூன்றாம் ஆண்டில் ஜாம் (JAM) என்ற முதுநிலை நுழைவுத்தேர்வை எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி சேரலாம், ஐஐஎஸ்சியில் ஒருங்கிணைந்த பி.எச்டி சேரலாம். ஆராய்ச்சி நிறுவனங்களின் பொதுத் தேர்வான ஜெஸ்ட் (JEST) எழுதி, தரமணி ஐஎம்எஸ்சி (கணித அறிவியல் நிறுவனம்) போன்ற இடங்களுக்கு முயலலாம். நல்ல பி.எஸ்சி துறையில் அந்த மூன்று ஆண்டைச் செலவழிப்பது, பயிற்சி மையத்தில் ஓராண்டு உட்கார்ந்திருப்பதைவிடப் பயன் தரும்.

உள்ளூர்க் கல்லூரிகளில் நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது? நாக் ஏ பிளஸ் பிளஸ் என்றால் நல்ல கல்லூரிதானே?

நாக் (NAAC) என்ற தர மதிப்பீட்டு அமைப்பின் கிரேடு மொத்தக் கல்லூரிக்குத் தருவது. வணிகவியலும் கணினிப் பயன்பாடும் கொழிக்கும் கல்லூரியில் இயற்பியல் துறை நான்கு பேரோடு ஒரு மூலையில் இருக்கலாம். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையும் அப்படியே. துறையைப் பற்றிச் சொல்லும் அடையாளங்கள் வேறு: உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஸ்டார் காலேஜ் திட்டத்தில் அந்தத் துறைக்கு நிதி வந்திருக்கிறதா, அறிவியல் தொழில்நுட்பத் துறையின் (டிஎஸ்டி) ஃபிஸ்ட் நிதி வந்திருக்கிறதா, அங்கேயே எம்.எஸ்சியும் பி.எச்டியும் நடக்கின்றனவா. எம்.எஸ்சி நடக்கும் துறையில் கருவிகளும் நூல்களும் ஆசிரியர்களும் கூடுதலாக இருக்கும், இளநிலை மாணவருக்கும் அதில் பங்கு உண்டு.

எல்லாவற்றையும்விட ஒரே ஒரு கேள்வியைத் துறைத்தலைவரிடம் கேளுங்கள்: "கடந்த மூன்று ஆண்டில் பி.எஸ்சி முடித்தவர்கள் எம்.எஸ்சிக்கு எங்கே போனார்கள்?" பெயர் பெயராக, கல்லூரி கல்லூரியாகச் சொல்பவரிடம் பிள்ளையை நம்பிச் சேர்க்கலாம். "நல்ல பிளேஸ்மென்ட் இருக்கிறது" என்று மட்டும் பதில் வந்தால், அது பெரும்பாலும் மென்பொருள் நிறுவனங்களின் வளாகத் தேர்வாக இருக்கும். அதில் தவறில்லை, ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல.

ஆய்வகத்தைப் பார்க்கப் போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

சுவரையும் டைல்ஸையும் அல்ல. பிராக்டிகல் நடக்கும் நேரத்தில் போங்கள், அனுமதி கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். ஒரு பேட்ச்சில் எத்தனை பேர், எத்தனை நிறமாலைமானிகள் (ஸ்பெக்ட்ரோமீட்டர்), அவற்றில் எத்தனை வேலை செய்கின்றன என்று எண்ணுங்கள். ஒரு கருவிக்கு இரண்டு பேர் என்றால் சமாளிக்கலாம். நான்கு பேர் என்றால் ஒருவர் செய்வார், மூவர் எழுதிக்கொள்வார்கள். அந்த மூவரில் ஒருவராக மூன்று ஆண்டும் ஒப்பேற்றிவிடலாம் என்பதுதான் ஆபத்து.

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று சொல்கிறோம். கீற்றணியும் (நெருக்கமான கோடுகளால் ஒளியைப் பிரிக்கும் கிரேட்டிங்) சோடிய விளக்கும் வைத்துச் செய்யும் சோதனை எல்லாக் கல்லூரியிலும் உண்டு. அங்குலத்துக்கு 15,000 கோடுகள் உள்ள கீற்றணி என்றால், 589.3 நானோமீட்டர் அலைநீளத்துக்கு முதல் வரிசையில் விலகல் கோணம் சுமார் 20 டிகிரி 22 நிமிடம் வரும் (இங்கே நிமிடம் என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு). இடமும் வலமும் சேர்த்து 40 டிகிரி 44 நிமிடம். கருவியின் மீச்சிற்றளவு, அதாவது அது அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 1 நிமிடம். கவனமாகச் செய்தாலும் வெர்னியரைப் படிப்பதில் ஒன்றிரண்டு நிமிடம் ஆளுக்கு ஆள் மாறும், கீற்றணியைச் சரியாகச் செங்குத்தாக வைக்காவிட்டால் இன்னும் மாறும். இப்போது நான்கைந்து மாணவர்களின் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் பாருங்கள். எல்லாரிடமும் கடைசி நிமிடம் வரை ஒரே அளவீடு இருந்தால், அந்த அளவீடு பல ஆண்டுகளாகக் கைமாறி வருகிறது. அங்கே சோதனை நடக்கவில்லை. அளவீடுகள் சிதறியிருந்து, ஓரங்களில் அடித்துத் திருத்தி, ஆசிரியர் 'மறுபடி செய்' என்று எழுதியிருந்தால் அதுதான் நல்ல ஆய்வகம்.

இன்னும் ஒரு படி மேலே போக வேண்டுமா? சோடிய மஞ்சள் ஒரு கோடல்ல, 589.0, 589.6 என்று இரண்டு. அதே கீற்றணியில் முதல் வரிசையில் இரண்டுக்கும் இடைவெளி ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. இரண்டாம் வரிசையில் மூன்று நிமிடத்துக்கு மேல். "இரண்டு கோட்டையும் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா?" என்று மூன்றாம் ஆண்டு மாணவரிடம் கேளுங்கள். பார்த்தவர் முகத்திலேயே தெரியும்.

எலக்ட்ரானிக்ஸ் பக்கம்: ஆசிலாஸ்கோப்பை மாணவர் தொட விடுகிறார்களா, பூட்டி வைத்திருக்கிறார்களா? சுற்றுகளைப் பிரெட்போர்டில் கோக்கிறார்களா, ஏற்கெனவே பலகையில் பொருத்தியதில் வயர் மட்டும் செருகுகிறார்களா? பைத்தான் போன்ற கணினி மொழியில் கணக்கிடும் பயிற்சி பாடத்திட்டத்தில் இருந்தால் கூடுதல் நல்லது.

பாடத்திட்டத்தில் எதைப் பார்ப்பது?

தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டமும் வினாத்தாளும் அவர்களுடையவை. இணைப்புக் கல்லூரி என்றால் பல்கலைக்கழகத்தினுடையவை. தன்னாட்சி என்பதாலேயே தரம் உயர்ந்துவிடாது. பாடத்திட்டத்தைவிடப் பழைய வினாத்தாள்தான் உண்மையைச் சொல்லும்.

ஒரே பாடத்தில் இரண்டு வகைக் கேள்விகளைப் பாருங்கள். "சீரான மெல்லிய தண்டின் நிலைமத் திருப்புத்திறனுக்கான கோவையைத் தருவி" என்பது ஒன்று. மனப்பாடத்தில் எழுதலாம், முனை வழியே என்றால் நிறை × நீளத்தின் வர்க்கம் ÷ 3. "ஒரு முனையிலிருந்து தூரத்துக்கு நேர்விகிதத்தில் அடர்த்தி கூடும் தண்டுக்கு, அந்த முனை வழியே எவ்வளவு?" என்பது இன்னொன்று. இதற்குத் தொகையிட்டுப் பார்க்க வேண்டும். விடையில் 3க்குப் பதில் 2 வரும். ஜாம் கேட்பது இரண்டாவது வகை. வினாத்தாளில் பத்துக்கு மூன்று கேள்வியாவது இப்படி இருந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். ஒன்றுகூட இல்லாவிட்டால் கணக்குப் போடும் பழக்கத்தை நீங்களே வளர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

துணைப்பாடமாகக் கணிதம் இரண்டு பருவமாவது இருக்கிறதா, முதன்மைப் பாடத்தில் கணித இயற்பியல் தனித்தாளாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வெக்டர் பகுப்பாய்வு, வகையீட்டுச் சமன்பாடுகள், அணிகள், ஃபூரியர் தொடர் நான்கும் மூன்று ஆண்டுக்குள் வந்தாக வேண்டும். குவாண்டம் இயக்கவியல் கடைசிப் பருவத்தில் மட்டும் வந்தால், பிப்ரவரியில் நடக்கும் ஜாமுக்கு முன்பே அதை நீங்களாகப் படித்திருக்க வேண்டும்.

ஒரே கல்லூரியில் எய்டெட், சுயநிதி என்று இரண்டு ஷிஃப்ட் இருக்கிறதே?

இயற்பியல் எய்டெட் பிரிவில் கிடைத்தால் அதையே எடுங்கள். கட்டணம் குறைவு. நிரந்தர ஆசிரியர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள். சுயநிதிப் பிரிவில் குறைந்த தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள் வேறு வேலை கிடைத்ததும் பருவத்தின் நடுவிலேயே போய்விடுவதுண்டு. அரசுக் கல்லூரிகளில் கட்டணம் மிகவும் குறைவு. அங்கே கேட்க வேண்டியது, காலியிடங்களில் கௌரவ விரிவுரையாளர்களாவது போடப்பட்டிருக்கிறார்களா என்பது.

'அப்ளைடு பிசிக்ஸ்', 'பிசிக்ஸ் வித் கம்ப்யூட்டர்' போன்ற பட்டங்கள்?

பள்ளி, கல்லூரி ஆசிரியர் வேலை உங்கள் கணக்கில் ஒரு மூலையிலாவது இருந்தால், சான்றிதழில் வெறும் 'இயற்பியல்' என்று வருகிற பட்டத்தையே எடுங்கள். பெயர் மாறிய பட்டங்களுக்கு 'இணையானது' என்ற அரசாணை தேவைப்படும். அது இல்லாததால் சான்றிதழ் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பப்படுவது தமிழ்நாட்டில் அடிக்கடி நடக்கிறது. ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள், தங்கள் பட்டத்துக்கு அரசாணை இருக்கிறதா என்று இப்போதே தேடி ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

தமிழ் வழியில் படிக்கலாமா?

பள்ளி முழுவதும் தமிழ் வழியில் படித்து, மாநில அரசு வேலையைக் குறிவைப்பவருக்கு 20 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. அதை எளிதில் விட்டுவிடாதீர்கள். ஆனால் ஜாம் ஆங்கிலத்தில் மட்டுமே. ஆராய்ச்சிதான் இலக்கு என்றால், தமிழ் வழியில் சேர்ந்தாலும் முதல் ஆண்டிலிருந்தே ஒவ்வொரு பாடத்துக்கும் ஆங்கில நூல் ஒன்றைக் கூடவே படியுங்கள். இயற்பியல் நூல்களின் ஆங்கிலம் எளிமையானது, ஆறு மாதத்தில் பழகிவிடும்.

எனக்கு வானியல்தான் பிடிக்கும். அதற்கென்று பி.எஸ்சி உண்டா?

தேட வேண்டாம். காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கியையும் கொடைக்கானலில் சூரிய ஆய்வகத்தையும் நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் ஆய்வு செய்கிறவர்களில் பலரும் இயற்பியல் பட்டம் வாங்கிப் போனவர்களே. இளநிலையில் இயற்பியலும் கணிதமும், வானியல் பிறகு.

முதலில் பொறியியல் முடித்து, பிறகு இயற்பியலுக்கு வந்தால்?

வரலாம். பி.இ. முடித்தவர்களை ஜெஸ்ட் வழியாகச் சில நிறுவனங்கள் பி.எச்டிக்கே எடுக்கின்றன. ஆனால் குவாண்டம் இயக்கவியலையும் புள்ளியியல் இயக்கவியலையும் தனியாகப் படித்துத் தேற வேண்டும். வீட்டார் வற்புறுத்தலுக்காக மட்டும் எடுக்கும் நான்காண்டுச் சுற்றுவழி என்றால், ஐஐடி பொறியியல் இயற்பியல் இரு தரப்பும் ஒப்புக்கொள்ளக்கூடிய சமரசம்.

பண உதவி?

டிஎஸ்டியின் இன்ஸ்பயர் உதவித்தொகை: பிளஸ் டூவில் தங்கள் வாரியத்தின் மேல் 1 விழுக்காட்டுக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய். இதில் 20,000 கோடைகால ஆய்வுத்திட்டத்துக்கானது. உள்ளூர்க் கல்லூரியில் பி.எஸ்சி சேர்ந்தாலும் உண்டு, பி.டெக்குக்கு இல்லை. அந்த ஆண்டுக்கான அறிவிப்பு வெளியாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பணம் தாமதமாகவே வரும், முதல் ஆண்டுக் கட்டணத்துக்கு அதை நம்பாதீர்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். அதே மாணவர்கள் ஐஐடி, ஐஐஎஸ்சி போன்ற இடங்களில் சேர்ந்தால் இளநிலைப் படிப்புச் செலவை மாநில அரசு ஏற்கும் என்று 2022 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். பள்ளித் தலைமையாசிரியரிடம் படிப்புச் சான்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

சாதாரணக் கல்லூரியில்தான் இடம் கிடைத்தது. மூன்று ஆண்டில் என்ன செய்தால் ஈடுகட்டலாம்?

முதல் ஆண்டு: வாரம் ஐந்து கணக்காவது, விடையைப் பார்க்காமல். முதல் ஆண்டு முடிவில் மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் நியூஸ் (NIUS) என்ற இளநிலை மாணவர் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். தேர்வானால் ஆய்வாளரோடு வேலை செய்யலாம். இரண்டாம் ஆண்டு: அறிவியல் அகாதமிகளின் கோடை ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பம் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும், ஏப்ரலில் விசாரித்தால் பயனில்லை. அதற்கு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். எனவே உங்கள் பெயரைத் தெரிந்த ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும். இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் பி.எஸ்சி மாணவர்களுக்கு நடத்தும் என்ஜிபிஇ தேர்வையும் எழுதுங்கள். உங்கள் கல்லூரியில் மையம் இல்லையென்றால் தொடங்கச் சொல்லித் துறைத்தலைவரைக் கேட்கலாம்.

மூன்றாம் ஆண்டு ஜாம்: 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். இதில் 20 கேள்விகளுக்கு விருப்பத்தேர்வுகளே இருக்காது, எண்ணாக விடையைத் தட்ட வேண்டும். தவறினாலும் மதிப்பெண் கழியாது. விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில் தொடங்கிவிடும். ஐந்தாம் பருவத்தின் பரபரப்பில் தவறவிடாதீர்கள்.

உள்ளூர்க் கல்லூரியில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டேன், பிறகு ஐசரில் இடம் வந்தது. பணமும் சான்றிதழும் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்க வேண்டும். சேர்க்கையை ரத்து செய்தால் கட்டணத்தை எந்தத் தேதி வரை முழுதாகத் திருப்பித் தரவேண்டும் என்று யுஜிசி அண்மை ஆண்டுகளில் அறிவித்து வருகிறது; அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று 2018 அறிவிக்கையிலேயே சொல்லியிருக்கிறது. நடைமுறையில் "முதல்வர் ஊரில் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்பார்கள். ஆகவே சேரும் நாளிலேயே மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் ஒவ்வொன்றையும் ஸ்கேன் எடுத்து வைத்து, கொடுத்த அசல்களுக்குக் கையொப்பமிட்ட பட்டியல் ஒன்று வாங்குங்கள். ரத்துக் கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்பி, நேரிலும் கொடுத்து, நகலில் தேதி முத்திரை போட்டுக்கொள்ளுங்கள். ஐசர் சேர்க்கையின்போது மாற்றுச் சான்றிதழ் கையில் இல்லையென்றால், குறிப்பிட்ட நாளுக்குள் தருவதாக உறுதிமொழி எழுதிக் கொடுக்க முடியுமா என்று சேர்க்கை அலுவலகத்தை முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.